புல்லாங்குழல் இருந்த பக்கம்

திருப்பரங்குன்றத்தில், பேருந்து நிறுத்தத்திலிருந்து கோயிலுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முனீஸ்வரியைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. வேலையில் சுத்தம் என்பது ஒன்று. திமிர் பிடித்தவள் என்பது மற்றொன்று. முதலாவது உண்மை. இரண்டாவதைச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் அவளுக்கு இடது பக்கம் நின்று பேசிப் பார்த்தவர்கள். அவளுக்கு இடது காது அறவே கேட்காது.

கேட்காது என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொன்ன மாத்திரத்தில் ஆட்கள் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்த ஆரம்பிக்கிறார்கள். ஆதார் நம்பரைக் கத்துகிறார்கள், பிறந்த தேதியைக் கத்துகிறார்கள், கை ஜாடை காட்டிக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். வலது காது கத்திபோல் கேட்கிறது என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. அதற்குத் திமிர் பிடித்தவளாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

காலையில் சாதிச் சான்று, பட்டா நகல், தேர்வு விண்ணப்பம் என்று கடை அல்லோலகல்லோலப்படும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் ஓயும். அப்போது கம்ப்யூட்டரில் ஹெட்போனைச் சொருகிப் பாட்டுக் கேட்பாள். அவளுக்கென்று அவள் வைத்துக்கொண்ட ஒரே சுகம் அதுதான். கணவன் சிவபாண்டி நல்ல மனுசன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஆனால் வீட்டுக்கு வந்தால் டிவி அவன் கையில். பிள்ளைகள் வந்தால் போன் அவர்கள் கையில். கடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் வருகிற பாட்டு மட்டும் முழுக்க அவளுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எப்பேர்ப்பட்ட ஏமாளித்தனம் என்பது பிறகு தெரிந்தது.

அந்தக் காது பிறவியிலேயே போனதல்ல. கொட்டாம்பட்டிப் பக்கம் அவள் படித்த பள்ளியில், எட்டாம் வகுப்பில், வீரணன் என்ற கணக்கு வாத்தியார் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் எழுந்து நின்றாள், விடை வரவில்லை. அறைந்தார். அவ்வளவுதான் சம்பவம். அவர் கை கொஞ்சம் அகலமான கை, இவள் முகம் சின்ன முகம், அறை கன்னத்தோடு நிற்காமல் காதையும் சேர்த்து மூடிக்கொண்டு விழுந்தது. உள்ளே என்னவோ கிழிந்ததுபோல் இருந்தது என்று மட்டும் அவளுக்கு நினைவு. சாயங்காலம் காதிலிருந்து ரத்தம் கசிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். வீட்டில் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஊற்றினார்கள். எந்த வலிக்கும் அந்த வீட்டில் அதுதான் வைத்தியம். கிழிந்த சவ்வுக்குள் எண்ணெயைக் கொண்டுபோய் ஊற்றினால் என்ன ஆகும்? சீழ் பிடித்தது. வேறு வழியில்லாமல் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர், யாரும் அடித்தார்களா என்று கேட்டார். அவளுடைய அம்மா அன்னக்கொடி ஒரு நொடிகூட யோசிக்காமல், “இல்லைங்கய்யா, சைக்கிள்ல இருந்து விழுந்துருச்சு” என்றாள். வாத்தியாரைக் காட்டிக் கொடுக்கலாமா? எழுத்தறிவித்தவர் இல்லையா? பிள்ளையின் காது போனாலும் போகட்டும், வாத்தியாரின் பெயர் கெட்டுவிடக் கூடாது. இந்த ஊர்ப்பக்கத்தின் மரியாதை அப்படிப்பட்டது. டாக்டரும் சைக்கிள் என்றே எழுதிக்கொண்டார்.

பெண் பார்க்க வந்தபோது அதே அன்னக்கொடி அவளைச் சுவர் ஓரமாக, இடது தோள் சுவரில் படுகிற மாதிரி உட்கார வைத்தாள். யார் பேசினாலும் வலது பக்கமிருந்துதான் பேசியாக வேண்டும். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் சிவபாண்டிக்கு விஷயம் தெரிந்தது. அவன் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் அவளுக்கு வலது பக்கமாக நடக்கப் பழகிக்கொண்டான். அதற்காகவே அவனுக்கு டிவியை விட்டுக் கொடுக்கலாம் என்பாள் முனீஸ்வரி.

இந்த ஆண்டு தை முடிந்து கொஞ்ச நாளில் அழகுபாண்டியிடமிருந்து போன் வந்தது. கூடப் படித்தவன், இப்போது மேலூர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வைத்திருக்கிறான். பழைய மாணவர்களைச் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குழு நடத்துகிறான்.

“முனீசு, நம்ம வீரணன் சாருக்குப் பாராட்டு விழா வைக்கிறோம்ல? சார் இப்ப பாட்டுப் பைத்தியமா இருக்காரு. கம்ப்யூட்டர்ல பழைய பாட்டா சேத்து வச்சுக் கேக்குறாரு. மக வெளிநாட்டுல இருந்து பெரிய ஹெட்போன் அனுப்பியிருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல சொருகுனா ஙொய்யின்னு ஒரு சத்தம் வருதாம். அதுக்கு டாக்குன்னு ஒரு பெட்டி இருக்காம்ல, அத வாங்கிக் குடுக்கலாம்னு எல்லாரும் சொல்றாய்ங்க. நீதான கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க. நல்லதா ஒண்ணு பாத்து எடுத்துரு.”

முனீஸ்வரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

“அழகு, அந்தாளு அடிச்சுத்தான் எனக்குக் காது போச்சு. தெரியும்ல உனக்கு?”

“அட விடு முனீசு. சார் யாரத்தான் அடிக்கல? என்னைய அடிச்ச அடிக்கு நான் இன்னைக்கு ரெண்டு வண்டி வச்சிருக்கேன். அவரு அடிக்கலேன்னா நாமெல்லாம் இப்படி வந்திருப்போமா?”

இப்படி வந்திருப்போமா! இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை பேருடைய குற்றத்தைத்தான் கழுவி விடுவார்கள்? அடித்ததால் வண்டி வந்ததாம். அப்படியானால் அடி வாங்கிவிட்டு வண்டி வராமல் போனவர்கள், பள்ளிக்கூடமே வேண்டாம் என்று பாதியில் ஓடிப் போனவர்கள், அவர்களெல்லாம் எந்தக் குழுவில் இருக்கிறார்கள்? அவர்களுக்கு யார் பொன்னாடை போர்த்துகிறார்கள்? முனீஸ்வரி இதையெல்லாம் கேட்க வாயெடுப்பதற்குள் அழகுபாண்டி, “சரி, பாத்துக்கோ, வாரேன்” என்று வைத்துவிட்டான்.

அன்றைக்கே குழுவில் அவள் எழுதினாள். சார் அறைந்ததில் தனக்கு ஒரு காது போய்விட்டது, இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும் என்று இரண்டே வரி. கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வந்து விழுந்தன. ‘புருசன் திட்டுறது கேக்காது, குடுத்து வச்சவ’ என்று ஒருத்தன். ‘சாரோட கை ராசியான கை’ என்று இன்னொருத்தன். அதற்கப்புறம் அவரவர் வாங்கிய அடியைப் பற்றிய பெருமை தொடங்கியது. பிரம்பு ஒடிந்த கதை, முட்டி போட்ட கதை, காதைத் திருகித் தூக்கிய கதை. அவளுடைய இரண்டு வரி மேலே எங்கோ போய்விட்டது.

மாட்டேன் என்று அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் தமிழ்ச்செல்வி, “போடி, ஏதாவது ஒண்ண வாங்கித் தலையில கட்டிட்டு வா, ஒழியட்டும்” என்றாள். முனீஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாத ஆளுக்கு வாங்கினாலும் பாட்டுக் கேட்பதற்கான பொருளை ஏனோதானோவென்று வாங்க அவளால் ஆகாது. இன்னொன்றும் உண்டு. ஒரு காதை வைத்துக்கொண்டு இவள் என்னத்தைத் தேர்ந்தெடுப்பாள் என்று ஒரு பயலும் சொல்லிவிடக் கூடாது. அந்த வீம்பில்தான் சிம்மக்கல்லில் ஒரு மாடிக் கடைக்கு ஏறினாள்.

கடைக்காரர் ஜனகராஜ். ஐம்பது தாண்டியவர், வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் மதுரைத் தமிழும் பேசுகிறவர், பாட்டு என்றால் உயிர். அவள் போனை நீட்டி, குழுவில் ஆளாளுக்கு அனுப்பியிருந்த பெட்டிகளின் படங்களைக் காட்டினாள். ஒவ்வொன்றின் கீழும் தரத்தைக் காட்டுவதாக ஒரு பெரிய எண். எவன் காட்டிய எண் பெரிது என்று குழுவில் அடிதடியே நடந்திருந்தது.

“இந்த நம்பரெல்லாம் இருக்கட்டும்மா” என்றார் ஜனகராஜ். “மாசி வீதியில ஓட்டுற பைக்குக்கு மீட்டர்ல இருநூத்தி நாப்பது போட்டிருந்தா என்ன, நானூறு போட்டிருந்தா என்ன? உங்க சார் கேக்குறது பழைய பாட்டு. அது பதிஞ்ச அளவுக்கு மேல எதையும் இந்தப் பெட்டி புதுசா உண்டாக்கிறாது.”

பிறகு அவர் விளக்கிச் சொன்னார். கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்ணாகத்தான் கிடக்கிறது. அதை மின்சார அலையாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்ப ஒரு சில்லு வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் அது இருக்கிறது, ஆனால் காற்றாடியும் மற்ற சில்லுகளும் இரைகிற சந்தைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இரைச்சல் ஒட்டிக்கொண்டு வருவதுதான் ஙொய். அந்த மாற்றும் வேலையை வெளியே எடுத்து, யூஎஸ்பி வயரில் தனிப் பெட்டியாகத் தொங்கவிட்டால் இரைச்சல் போய்விடும். டாக் என்பது இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்கிறதில் பாதி வியாபாரம் என்று வியாபாரியே சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று சுண்டுவிரல் நீளத்தில் வாலோடு இருந்தது. ஒன்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒன்று டிபன் பாக்ஸ் கனத்தில் திருகுகிற குமிழும் விளக்குமாக ஜொலித்தது. ஒவ்வொன்றாக மாற்றும்போதும் அவர் சத்தத்தை அளந்து ஒரே மட்டத்தில் வைத்தார். “சத்தம் ஒரு நூல் கூட இருந்தாலும் அதுதான் ஒசத்தின்னு மனசு சொல்லிரும்மா. மொதல்ல அந்த ஏமாத்த ஒழிக்கணும்.”

அவள் விரும்பிய பாட்டு ஒன்றைப் போடச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஹெட்போனிலேயே கேட்கிற பாட்டு, ஒவ்வொரு மூச்சும் அவளுக்கு மனப்பாடம். சின்ன வாலில் பாட்டுக்கு அடியில் லேசாக ஒரு சீறல் இருந்தது. மற்ற இரண்டிலும் இல்லை. அந்த இரண்டுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்ததுபோல் நடிக்கவும் இல்லை.

“சரணத்துல இடது பக்கம் புல்லாங்குழல் வருதுல்ல, அத வச்சுப் பாருங்க” என்றார் ஜனகராஜ். “அது எதுல தெளிவா இருக்குன்னு கேளுங்க.”

“எந்தப் புல்லாங்குழல்ண்ணே?”

“பாட்டு பூரா கூடவே வருதேம்மா.”

“இந்தப் பாட்டுல புல்லாங்குழலே கிடையாதுண்ணே.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் எப்போதும் வலது காதைத் திருப்பிப் பேசுவதை அப்போதுதான் கவனித்தார்போல. எழுந்து வந்து, ஹெட்போனைக் கழற்றித் திருப்பி, இடது பக்கத்துக்குரியது வலது காதில் படும்படி மாட்டிவிட்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்.

பாட்டு தொடங்கியது. அவளுக்குத் தெரிந்த பாட்டல்ல. பாடுகிறவரின் குரல் எங்கோ தள்ளி நின்றது. முன்னால், காதுக்குள்ளேயே, ஒரு புல்லாங்குழல். குரல் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அது எடுத்துக்கொண்டது, குரல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. அந்த இடங்களை இத்தனை காலமும் அவள் வெறும் மௌனம் என்று நினைத்திருந்தாள். பாடுகிறவர் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்திருந்தாள்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அழுகை இல்லை, ஆத்திரம். அறை வாங்கியதில் ஒரு காது போனது என்று மட்டும்தான் அவள் கணக்கு வைத்திருந்தாள். அந்தக் காதோடு என்னென்ன போனது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எத்தனை பாட்டில் எத்தனை வீணை, எத்தனை வயலின், எத்தனை மனுசர் உயிரைக் கொடுத்து வாசித்தது இடது பக்கமாகவே வந்து இடது பக்கமாகவே போயிருக்கும்! அவளுடையது என்று நினைத்திருந்த அந்த மத்தியானப் பாட்டிலும் பாதியைத்தான் அந்தக் கை விட்டுவைத்திருந்தது. இந்தக் கைக்குத்தான் இப்போது அவள் பரிசு தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஜனகராஜ் டீ வரவழைத்தார். “பழைய பதிவுல இப்படிப் பிரிச்சுப் பிரிச்சு வச்சிருப்பாங்கம்மா. இதுக்கு வழி இருக்கு” என்று கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள் போய் மோனோ என்ற ஒரு பொத்தானைத் தட்டிக் காட்டினார். இரண்டு பக்கத்துச் சத்தமும் கலந்து இரண்டு காதுக்கும் ஒன்றாக வரும். ஒற்றைக் காதிலேயே முழுப் பாட்டும் கேட்கும். தினமும் பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள், அந்தப் பொத்தான் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

“ஆனா ஒண்ணும்மா. இந்தப் பெரிய பெட்டிய அதோட பிளேயர்ல போட்டா, கம்ப்யூட்டர் பாட்டத் தொடவே விடாது, அப்படியே வாங்கிக்கிரும். அத ஒரு பெருமையாப் போட்டு விக்கிறாங்க. உங்களுக்கு அது ஆகாது. உங்களுக்குக் கம்ப்யூட்டர் தொட்டுக் கலந்து குடுக்கணும். நடுவுல இருக்கிறதுதான் சரி. உங்க சாருக்கும் அதுவே தாராளம்.”

நடுவில் இருந்ததையே எடுத்தாள். சாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அன்று ராத்திரி சிவபாண்டியிடம் புல்லாங்குழலைப் பற்றிச் சொன்னபோது அவன் டிவியை நிறுத்திவிட்டு, “விழாவுக்கு நீ போக வேண்டாம், நான் போயிக் குடுத்துட்டு வாரேன்” என்றான். “நான்தான் தேர்ந்தெடுத்தேன், நான்தான் குடுப்பேன்” என்றாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வீரணன் சாரின் படம் போட்ட பேனர், கேசரி, உளுந்த வடை, குடும்பம் குட்டியோடு கூட்டம். முனீஸ்வரி மேடையோரம் ஒரு மேசையில் மடிக்கணினியை வைத்து, பெட்டியைப் பொருத்தி, சாருடைய ஹெட்போனையே வாங்கிச் சொருகி வைத்தாள். சார் ஒரு பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும், அதை எல்லாரும் படம் எடுக்க வேண்டும் என்பது அழகுபாண்டியின் ஏற்பாடு. கொடுத்துவிட்டு இறங்கிவிடுவது என்றுதான் அவள் வந்திருந்தாள். ஒரு சொல்லும் சொல்வதாக இல்லை.

பேச ஏறியவர்கள்தான் அவளை விடவில்லை. ஒவ்வொருவனும் வாங்கிய அடியை விருது வாங்கிய மாதிரி சொன்னான். ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் கை தட்டியது. வீரணன் சார் தளர்ந்துபோன உடம்போடு, மாலையும் பொன்னாடையுமாக, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அழகுபாண்டி மைக்கைப் பிடித்தான். “அடுத்து நம்ம முனீஸ்வரி. சார் விட்ட ஒரு அறையில ஒரு காது அவுட்டு. அதுல இருந்து புருசன் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேக்காது. வீட்டுல நிம்மதியோ நிம்மதி!” மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பொம்பளைகளும் சிரித்தார்கள். அவர்கள் மடியில் கிடந்த பிள்ளைகளும் என்னவென்று தெரியாமல் சிரித்தன.

முனீஸ்வரி மேசைக்குப் போனாள். மடிக்கணினியில் சத்தத்தின் அளவு காட்டுகிற இடத்தைத் திறந்து, இடது பக்கத்தை இழுத்து அடியோடு பூஜ்யத்தில் வைத்தாள். சிம்மக்கல் கடையில் கேட்ட அதே பாட்டைப் போட்டாள். ஹெட்போனைச் சாரின் தலையில் அவளே மாட்டினாள்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் புருவம் சுருங்கியது. இடது பக்கக் கிண்ணத்தை விரலால் தட்டினார்.

“இந்தப் பக்கம் வேலை செய்யலையேம்மா.”

அழகுபாண்டி பதறிப்போய் ஓடி வந்தான். “என்ன முனீசு, பாத்து வாங்க மாட்டியா?”

“பெட்டியில குறை ஒண்ணும் இல்ல” என்றாள் முனீஸ்வரி. மைக் பக்கத்தில்தான் இருந்தது, அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “நான்தான் ஒரு பக்கத்த அமத்தி வச்சேன். இதுல ஒரு புல்லாங்குழல் இருக்கு சார். உங்களுக்குக் கேக்காது. எட்டாப்புல நீங்க அறைஞ்சதுல இருந்து எனக்கும் எந்தப் பாட்டும் இப்படித்தான் கேக்குது.”

சார் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. யாரை எப்போது அடித்தோம் என்று தேடுகிற முகம். கிடைக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பிறகு அவருக்குக் கைவசம் இருந்த ஒரே பதிலைச் சொன்னார்.

“அப்பல்லாம் அப்படித்தாம்மா. உங்க அப்பாமாருதான வந்து சொல்லிட்டுப் போவாங்க, கண்ண மட்டும் விட்டுட்டு...”

“...தோல உரிச்சிருங்க!” என்று மண்டபமே சேர்ந்து முடித்தது. விசில் பறந்தது.

“ஆமா சார்” என்றாள். “எங்கப்பாவும் சொன்னாரு. பக்கத்துல நான்தான் நின்னேன். கண்ண விடச் சொன்னாங்க, நீங்களும் விட்டுட்டீங்க. காத விடச் சொல்லி யாரும் சொல்லல. அதையும் ஒருத்தர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா சார்?”

விசில் நின்றது. எல்லாம் ஒரேயடியாக நிற்கவில்லை, பின்னாலிருந்து ஒருத்தன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் இருந்தவள் அவன் தொடையில் கிள்ளினாள். முனீஸ்வரி மடிக்கணினியில் இடது பக்கத்தைத் திரும்ப ஏற்றிவிட்டு, ஹெட்போனை அவர் காதில் எடுத்து வைத்தாள். புல்லாங்குழல் வந்ததை அவர் கண் காட்டியது. அவருக்கு ஒரு விரல் தள்ளலில் வந்துவிட்டது.

நிலைமையைச் சமாளிக்க அழகுபாண்டிக்குத் தெரிந்த ஒரே வழி போட்டோ. “சரி சரி, எல்லாரும் வாங்கப்பா, சார் நடுவுல நில்லுங்க, முனீசு நீ சாருக்குப் பக்கத்துல” என்று தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். சார் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அவளுக்கு இடது பக்கம் வந்து நின்றார். கேமராவைப் பார்த்தபடி நின்ற முனீஸ்வரிக்கு, ஓரக்கண்ணில் அவர் தலை தன் பக்கம் சாய்வது தெரிந்தது. உதடு அசைந்தது. என்னவோ சொல்கிறார். அத்தனையும் கேட்டுவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் தெரிந்துகொண்டுவிட்டு, போய்த் தொலைந்த அந்தக் காதில் வந்து சொல்கிறார். எந்தக் காது என்றுகூட இந்த மனுசன் இன்னும் கவனிக்கவில்லை.

“அந்தப் பக்கம் கேக்காது சார்” என்றாள், போட்டோ எடுக்கிறவனைப் பார்த்தபடியே, உரக்க. “இங்கிட்டு வந்து சொல்லுங்க.”

யாரோ, “விடு முனீசு, வயசானவரு” என்றார்கள். அவள் அசையவில்லை. வீரணன் சார் மாலை இடறாமல் கையால் பிடித்துக்கொண்டு, வரிசைக்குப் பின்னால் சுற்றி, ஒவ்வொருவராக ஒதுங்கி வழிவிட, அவளுடைய வலது பக்கம் வந்து சேர்ந்தார். நடந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“உம் பேரு என்னம்மா?”

அவளுக்குச் சுரீரென்றது. வரிசையில் நின்ற ஒன்றிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“முனீஸ்வரி சார்.”

“முனீஸ்வரி” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். “அடிச்சது தப்புத்தாம்மா. ரொம்பத் தப்பு.”

இந்த இடத்தில் நம் ஊரில் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று இருக்கிறது. எதிரில் நிற்பவர் பெரியவர், அதிலும் வாத்தியார், அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். உடனே, ‘அய்யோ, பரவால்ல சார்’ என்று பதறிப்போய்ச் சொல்லிவிட வேண்டும். காலில் விழுந்தாலும் நல்லதுதான். மண்டபம் முழுக்க அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தது. அழகுபாண்டி அவளுக்கு எதிரே வந்து நின்று, சொல்லு, சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினான். அது அவளுடைய நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பழக்கதோஷம். வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

“ஆமா சார், தப்புத்தான்” என்றாள்.

போட்டோ எடுக்கிறவன், எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கேமராவைக் கீழே இறக்கினான்.